பயிலுனர் கூட்டுப் பயணம்: காத்தான்குடியிலிருந்து மண்முனை வரை

மோட்டார் சைக்கிளை ஓட்டப் பழகுவதும் வீதியிலே செல்லப் பழகுவதும் இரு வேறு வித்தைகள். முதலாவதைக் காத்தான்குடி இளைஞன் பெரும்பாலும் தன் காக்காவிடமோ மச்சானிடமோ, கடற்கரை வீதியின் ஓரத்திலோ பள்ளிக்கூட மைதானத்திலோ, ஓரிரு பின்னேரங்களிலேயே கற்றுக்கொண்டுவிடுகிறான்; கிளச்சை மெல்ல விடுவதும், கியரை மாற்றுவதும், கால் ஊன்றி நிறுத்துவதும் கைவந்த மாத்திரத்தில், வாப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு பிரதான வீதிக்கு வந்துவிடுகிறான். இரண்டாவது வித்தையைக் கற்பிக்க அவனோடு எவரும் வருவதில்லை. பின்னால் கல்முனை பஸ் ஹோன் அடித்துக்கொண்டு நெருங்கும்போது எவ்வளவு ஒதுங்குவது, ஒழுங்கையிலிருந்து சைக்கிளொன்று எட்டிப் பார்க்கும்போது வேகத்தை எப்போது குறைப்பது, எதிரே வரும் லொறியின் தூரத்தைக் கண்ணால் எப்படி மதிப்பது என்னும் இவையெல்லாம் அவன் தனியே நின்று, பயத்தை ஆசிரியனாகக் கொண்டு கற்கவேண்டியனவாக விடப்படுகின்றன.

இது நம்மூரில் மாத்திரம் காணப்படும் குறையன்று. அமெரிக்காவிலே தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர், லொஸ் ஏஞ்சலிஸ் பிரதேசத்தில் நிகழ்ந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை விபத்து நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவீதத்தினர் முறையான பயிற்சி பெறாமல், தாமாகவோ குடும்பத்தவரிடமோ நண்பரிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று கண்டார். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் விபத்துக்குள்ளான அந்த வண்டியில் ஐந்து மாத அனுபவங்கூட இல்லாதவர்கள் என்பதும் அவ்வறிக்கையிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. காக்காவிடம் கற்பது தவறு என்று இதிலிருந்து கொள்ளவேண்டியதில்லை. காக்கா கற்பித்து முடித்துவிட்டதாக நினைக்கும் இடத்தில்தான் உண்மையான கல்வி தொடங்குகிறது என்பதும், அந்த முதல் சில மாதங்களில் பயிலுனரைத் தனியே விடலாகாது என்பதுமே நாம் கொள்ளவேண்டிய பாடம். அந்த இடைவெளியை நிரப்புவதற்கு நான் அறிந்த உபாயங்களில் சிறந்தது, அனுபவசாலிகள் சிலர் முன்னும் பின்னும் துணைவர, பயிலுனர் சிலர் ஒன்றுசேர்ந்து குறித்த வழியில் குறித்த வேகத்தில் சென்று திரும்பும் கூட்டுப் பயணமாகும். அதை எங்ஙனம் ஒழுங்குசெய்வது என்பதே இவ்வத்தியாயத்தின் விஷயம்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1951-ஆம் ஆண்டின் 14-ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ், எழுத்துப் பரீட்சையில் சித்தியெய்திப் பயிலுனர் அனுமதிப்பத்திரம் பெறாத எவரையும் பயணத்திற் சேர்க்கலாகாது. 'எல்' பலகை முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியவேண்டும். வண்டியின் காப்புறுதியும் வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகாதிருக்கவேண்டும். வீதிப் பயிற்சிக்குரிய நிபந்தனைகளை, பயணத்தை ஒழுங்குசெய்பவர் மட்டக்களப்பிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் நேரிற் கேட்டுத் தெளிந்துகொள்வதோடு, புறப்படும் நாளையும் வழியையும் காத்தான்குடிப் பொலிஸ் நிலையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுவதும் நன்று. பத்திரமில்லாத மருமகனை 'ஒரு நாளைக்குத்தானே' என்று தாட்சணியத்தினால் சேர்த்துக்கொள்வது உறவுக்கு உபகாரமன்று. விபத்தொன்று நேருமாயின் காப்புறுதியும் கைவிட்டுவிடும், வழக்கும் வந்து சேரும்.

இனித் தொகை. கூட்டம் பெரிதானால் கோலாகலமும் பெரிதாகும். படிப்பு மாத்திரம் சிறுத்துவிடும். அமெரிக்காவில் 1973-இல் நிறுவப்பட்ட மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம், அனுபவமுள்ளவர்கள் சேர்ந்து செல்லும்போதுங்கூட ஒரு கூட்டத்தில் ஐந்து முதல் ஏழு வண்டிகளே இருக்கவேண்டுமென்று ஆலோசனை கூறுகிறது. பிரித்தானியாவிலோ, 1990-ஆம் ஆண்டு கட்டாயமாக்கப்பட்ட அடிப்படைப் பயிற்சியின் வீதிப் பகுதியில் ஓர் ஆசிரியர் இரண்டு பயிலுனருக்கு மேல் அழைத்துச் செல்லக்கூடாது என்பதும், அந்த வீதிப் பயிற்சி இரண்டு மணி நேரத்துக்குக் குறையலாகாது என்பதும் விதி. இவ்விரண்டையும் இணைத்து நம் வீதிகளுக்குப் பொருத்திப் பார்க்குமிடத்து, நான்கு பயிலுனர், அவர்களுக்கு முன்செல்லும் ஒருவர், நடுவே ஒருவர், கடைசியில் ஒருவர் ஆக ஏழு வண்டிகள் என்பதே தக்க அளவு என்பது என் அபிப்பிராயம். எட்டாவதாக ஒருவர் வந்து நின்றால், அவர் எவ்வளவு வேண்டியவராயினும், அடுத்த வாரத்துக்கு வரச்சொல்லி அனுப்பிவிடவேண்டும்.

முன்செல்பவரை முன்னோடி என்றும், கடைசியில் வருபவரைக் கடைக்காவலர் என்றும் இந்நூலில் அழைப்போம். வேகமாக ஓட்டுபவரை முன்னோடியாக்குவது பொதுவாகச் செய்யப்படும் பெரும் பிழை. முன்னோடிக்கு வேண்டிய முதற்குணம் பொறுமை. இரண்டாவது, கண்ணாடியை இடைவிடாது பார்க்கும் பழக்கம். கடைக்காவலரோ முன்னோடியினும் ஒரு படி மேலான அனுபவசாலியாக இருத்தல் வேண்டும். ஏனெனில், நால்வரும் செய்யும் தவறுகள் அத்தனையும் அவர் ஒருவருடைய கண்ணிலேயே படுகின்றன, நின்றுபோன வண்டியோடு நிற்கவேண்டியவரும் அவரே.

வரிசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கூட்டுப் பயணத்தின் சூட்சுமம் முழுவதும் இதிலேயே அடங்கியிருக்கிறது. தைரியமுள்ளவன் முன்னே போகட்டும், பயந்தவன் மெதுவாகப் பின்னே வரட்டும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அதன் விளைவு விபரீதமானது. முன்னோடி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்டுக்காக அவர் வேகத்தைக் குறைக்கிறார். அடுத்தவர் சற்றுத் தாமதித்துக் குறைக்கிறார். அதற்கடுத்தவர் இன்னும் தாமதித்து, இன்னும் அதிகமாகக் குறைக்கிறார். மாடு கடந்தபின் முன்னோடி பழைய வேகத்தை எடுக்கும்போது கடைசியிலிருப்பவர் ஏறக்குறைய நின்றே போயிருப்பார். விட்டுப்போன தூரத்தைப் பிடிப்பதற்கு அவர் 50-லும் 60-லும் ஓடவேண்டியதாகிறது. இவ்வாறு, முன்னே இருப்பவர் ஒருபோதும் 40-ஐத் தாண்டாத பயணத்திலே, கடைசியில் விடப்பட்ட மிகப் பலவீனமான பயிலுனர் எல்லோரினும் வேகமாக ஓடும்படி நிர்ப்பந்திக்கப்படுகிறார். ஆகவே, மிகத் தயங்குபவர் முன்னோடிக்கு நேர் பின்னாலும், அவருக்கடுத்துத் தயங்குபவர் இரண்டாவதாகவும், பின்னர் நடுத்துணைவரும், தேர்ச்சி கூடிய மற்ற இருவர் அவருக்குப் பின்னும் வருதல் வேண்டும். முன்னோடி தம் கண்ணாடியில் காணும் முதல் முகம் அந்தத் தயங்கும் முகமாக இருக்கவேண்டும். அந்தத் தயங்குபவருடைய வேகமே கூட்டத்தின் வேகம். ஜமாஅத்தில் இமாமாக நிற்பவர், பின்னால் நிற்கும் முதியோரையும் நோயாளரையும் மனத்திற்கொண்டு தொழுகையை நீட்டாது நடத்தவேண்டும் என்னும் ஒழுங்கை அறியாதவர் இவ்வூரில் இல்லை. முன்னோடியின் கடமையும் அத்தகையதே.

புறப்படுமுன் முன்னோடி ஒவ்வொரு பயிலுனரிடமும் தனித்தனியே, "தம்பி, நீங்க உங்கட வேகத்துல வாங்க, எங்களப் பிடிக்கணும் எண்டு அவசரப்படாதீங்க. நீங்க வரல்ல எண்டா நாங்க நிப்பம்" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமலே புரியும் என்று விட்டுவிடலாகாது. பின்தங்கிவிட்டோமே என்ற வெட்கம் பயிலுனரை விழுத்துவதைப் போல் வீதியின் பள்ளங்கூட விழுத்துவதில்லை. அந்த வாக்கைக் காப்பதற்கு ஓர் எளிய விதி உண்டு: திருப்பம் வரும் இடத்தில் ஒவ்வொருவரும், தமக்குப் பின்னால் வருபவர் தம்மைக் கண்டுவிட்டார் என்று உறுதியான பிறகே திரும்பவேண்டும். இவ்விதியை ஏழு பேரும் அனுசரித்தால் எவரும் வழி தவறமாட்டார். எவரும் எவரையும் துரத்தவேண்டியதுமில்லை.

இரு வண்டிகளுக்கிடையே விடவேண்டிய இடைவெளியை அடிக்கணக்கில் சொல்வதைவிட நேரக்கணக்கில் சொல்வது பிரயோஜனமானது. முன்னே செல்லும் வண்டி ஒரு மின்கம்பத்தைத் தாண்டிய கணத்திலிருந்து மூன்று விநாடி கழித்தே நாம் அக்கம்பத்தைத் தாண்டவேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குப் பதினொரு மீட்டர் ஓடுகிறதாகையால், மூன்று விநாடி என்பது ஏறக்குறைய 33 மீட்டர். அபாயத்தைக் கண்ட கண், பிரேக்கைப் பிடிக்கும்படி கைக்குச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு விநாடி போய்விடும். அதன்பின் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் காய்ந்த தார் வீதியில் வண்டி நிற்க இன்னும் பத்து மீட்டர் வேண்டும். ஆக இருபத்தொரு மீட்டர். அதே வண்டி 60-இல் ஓடினால் நிற்பதற்கு நாற்பது மீட்டர் வேண்டும் என்பதைப் பயிலுனருக்குச் சொல்லிவிட்டுப் போகாமல், மைதானத்தில் இரண்டு கல்லை வைத்து நடந்து காட்டவேண்டும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது நிற்கும் தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாவதைத் தன் கால்களால் அளந்தவன் மறப்பதில்லை. அனுபவசாலிகள் ஒருவர் இடமும் ஒருவர் வலமுமாக மாறி மாறிச் செல்லும் முறை பார்வைக்கு அழகானதாயினும், பயிலுனருக்கு அது ஆகாது. நம் வீதிகளின் அகலத்துக்கும் அது ஒவ்வாது. ஒற்றை வரிசையே போதும்.

கைச் சைகைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கூட்டுப் பயணம் பற்றிய மேனாட்டு நூல்களில் இடக்கையால் காட்டும் சைகைகள் பல சொல்லப்பட்டிருக்கின்றன. கியர் வண்டியில் இடக்கை கிளச்சுக்கு உரியது; சற்று நேரம் அதை எடுத்தாலும் பிரேக்குகள் வலக்கையிலும் வலக்காலிலும் இருக்கின்றன. ஸ்கூட்டியிலோ பின்சக்கரப் பிரேக்கே இடக்கையில் இருக்கிறது. ஸ்கூட்டி ஓட்டும் பயிலுனர் சைகை காட்டுவதற்கு இடக்கையை எடுத்தால் தம் பாதிப் பிரேக்கைக் கைவிட்டவராகிறார். ஆதலால், சைகைகளைக் காட்டுவது துணைவர்களின் வேலையென்றும், பயிலுனர் சிக்னல் லைட்டைப் போட்டு, திரும்பியபின் மறவாது அணைத்தால் போதுமென்றும் வைத்துக்கொள்ளவேண்டும்.

ஸ்கூட்டியைச் சொன்ன இடத்தில் பெண்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையில் விடுவதற்கும் வேலைக்குப் போவதற்கும் இன்று இவ்வூர்ப் பெண்கள் ஸ்கூட்டியையே நம்பியிருக்கிறார்கள். அவர்களுக்கு வீதிப் பயிற்சி கிடைக்கும் சந்தர்ப்பமோ ஆண்களினும் குறைவு. பெண்களின் பயணத்துக்கு அனுபவமுள்ள பெண்களே முன்னோடியும் கடைக்காவலரும் ஆகவேண்டும். ஒரு ராத்தா முன்னே செல்லும்போது தயக்கமின்றிக் கேள்வி கேட்கவும் தவறைச் சொல்லவும் முடிகிறது. உடையைப் பொறுத்தவரை, அபாயாவின் கீழ்விளிம்பு கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி ஒதுக்கி, உள்ளே காற்சட்டை அணிந்து, தொங்கும் துணி எதுவும் பின்சக்கரப் பக்கம் போகாதவாறு இருக்கையின் கீழ் மடித்து அமர்ந்துகொள்ளவேண்டும். காற்றில் அலையும் துணி சக்கரத்திலோ செயினிலோ சுற்றிக்கொள்வது ஒரு கணத்தில் நடந்துவிடும். வண்டியில் ஏறியபின் இன்னொருவர் பின்னால் நின்று ஒருதரம் பார்த்துச் சொல்வதே நிச்சயமான சோதனை.

தலைக்கவசத்தைப் பற்றி நீண்ட உபதேசம் தேவையில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துக்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தவர்கள், அது மரண அபாயத்தை 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று கணித்திருக்கிறார்கள். ஊருக்குள்தானே என்று அதை முழங்கையில் மாட்டிக்கொண்டு போவதும், பட்டியைப் பூட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்வதும், அணியாமைக்கு ஒப்பானவை. பூட்டிய பட்டிக்கும் தாடைக்குமிடையே இரண்டு விரல் மட்டுமே நுழையவேண்டும். தலைக்கவசத்தைப் பின்னிருந்து முன்னே தள்ளிப் பார்த்தால் அது கழன்று வரலாகாது.

வண்டிகளைப் புறப்படுமுன் நோட்டமிடுவது கடைக்காவலரின் பொறுப்பு: டயரின் காற்றும் பூவும், இரு பிரேக்குகளும், பிரேக் லைட், சிக்னல், செயினின் தளர்வு, பெற்றோல். பிரேக் லைட் எரியாத வண்டி கூட்டத்தில் சேரக்கூடாது. பின்னால் வரும் பயிலுனருக்கு அதுவொன்றே அறிவிப்பு. வசதியிருப்பின் பட்டா லொறியொன்று, இல்லாவிடில் முச்சக்கர வண்டியொன்று, கடைக்காவலருக்கும் பின்னால் வரட்டும். பிளக், கிளச் கேபிள், பஞ்சர் ஒட்டும் சாமான், குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை அது சுமந்து வருவது வெளிப்படையான பயன். இதைவிடப் பெரிய பயன் ஒன்றுண்டு. களைத்துப்போன பயிலுனர், கை நடுங்கத் தொடங்கியதும், வண்டியை லொறியில் ஏற்றிவிட்டுச் சாரதிக்குப் பக்கத்தில் அமர்ந்து வீடு திரும்பலாம் என்ற நிச்சயம் இருந்தால், அவர் தம் சக்திக்கு மீறி ஓட்டமாட்டார். அங்ஙனம் ஏறியவரைக் கேலி செய்பவர் எவராயினும் அடுத்த பயணத்தில் அவருக்கு இடமில்லை என்பதை முன்னோடி முதலிலேயே அறிவித்துவிடவேண்டும்.

நாளும் நேரமும் குறிக்கும்போது ஊரின் ஒழுங்கை அறிந்து குறிக்கவேண்டும். பாடசாலை நாட்களில் காலை ஏழிலிருந்து ஏழரை வரையும், மத்தியானம் ஒன்றரைக்குப் பின்னும், பிரதான வீதி வெள்ளைச் சீருடையாலும் சைக்கிள்களாலும் நிரம்பிவிடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ வேளையைச் சொல்லவேண்டியதில்லை. நோன்பு காலத்தில் அஸருக்குப் பின் நோன்பு திறக்கும் வரை எல்லோரும் வீட்டுக்கு விரையும் நேரம். பசியோடும் களைப்போடும் இருக்கும் பயிலுனரை அவ்வேளையில் அழைத்துச் செல்வது கொடுமை. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களின் மாரி மழையில் பயிலுனர் பயணத்தையே நிறுத்திவைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, சுபஹ் தொழுகை முடிந்து, நன்றாக வெளிச்சம் பரந்தபின் ஆறே கால் மணியளவில் புறப்படுவதே எனக்கு உவப்பானது.

வழி என்று வரும்போது, காத்தான்குடியார் பாக்கியசாலிகள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் இந்நிலத்தில் ஏ-4 நெடுஞ்சாலையின் நெருக்கடியும், சில நிமிஷ ஓட்டத்தில் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையின் வயல் வெளியும் ஒருங்கே கிடைக்கின்றன. வடக்கே நாவற்குடா, கல்லடி வழியாக மட்டக்களப்புக்குப் போகும் பாதை, 2013-இல் திறக்கப்பட்ட புதிய கல்லடிப் பாலத்தையும் நகர நெரிசலையும் கொண்டது; அதை ஐந்தாவது ஆறாவது பயணத்துக்கு ஒதுக்கிவைப்போம். முதற் பயணத்துக்கு உரியது தெற்கு வழி: ஆரையம்பதியைக் கடந்து, வலப்பக்கம் திரும்பி, மண்முனைப் பாலத்தால் வாவியைத் தாண்டி, கொக்கட்டிச்சோலை வரை சென்று மீள்வது.

ஊரைவிட்டு வெளியேறும் வரை, பேரீச்ச மரங்கள் நடுவே நிற்கும் பிரதான வீதியில் 30-க்கு மேல் போகவேண்டாம். மரவரிசையில் இடைவெளி விட்ட ஒவ்வோரிடத்திலும் ஒரு சைக்கிளோ முச்சக்கர வண்டியோ குறுக்கே திரும்பக் காத்திருக்கும். மரத்தின் அடி அதை மறைத்துக்கொண்டிருக்கும். இடப்பக்கத்தில் கடை வாசலிலிருந்து பின்னோக்கி வரும் வானையும், நிறுத்திய வாகனத்தின் கதவு திடீரெனத் திறப்பதையும் எதிர்பார்த்து, அவற்றிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே செல்லவேண்டும்.

ஆரையம்பதிக்குத் தெற்கே நெடுஞ்சாலை திறந்துகொள்கிறது. பஸ்களும் வேகம் எடுக்கும் இடம் அது. இங்கே பயிலுனர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: "காக்கா, பின்னால பஸ் ஹோன் அடிச்சா என்ன செய்யிற?" அதற்கு முன்னோடி சொல்லவேண்டிய விடை: "வழி விடுங்க, ஆனா தாரை விட்டு மணலுக்குள்ள இறங்காதீங்க." நம் நெடுஞ்சாலையின் விளிம்பில் தார் முடிந்து கடல் மணல் தொடங்கும் இடம் சில அங்குலம் தாழ்ந்திருப்பது சகஜம். பயந்து அதற்குள் இறங்கிய முன்சக்கரம் மணலில் புதைய, மீண்டும் தாரில் ஏற முயலும்போது விளிம்பு தட்டி வண்டி சரிந்துவிடும். தாரின் உள்ளே ஒரு முழம் விட்டு, நேராக, சீரான வேகத்தில் சென்றால் பஸ் தன் வழியைத் தானே கண்டுகொள்ளும்.

அடுத்து வருவதே இப்பயணத்தின் பிரதான பாடம்: மண்முனைப் பக்கமாக வலப்புறம் திரும்புதல். இடப்புறம் செல்லும் நம் நாட்டில், வலப்புறம் திரும்புபவர் எதிரே வரும் போக்குவரத்தை ஊடறுக்கவேண்டும். பின்னால் வருபவரோ அவரை வலப்பக்கமாகவே முந்த நினைப்பார். தமிழ்நாட்டில் அனுமதிப்பத்திரம் பெறுவதற்கு எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள்; சமநிலைக்கு அது நல்ல சோதனைதான், ஆயினும் வலத் திருப்பத்தில் வேண்டிய விவேகத்தை எந்த எட்டும் கற்பிப்பதில்லை. நூறு மீட்டருக்கு முன்பே கண்ணாடியைப் பார்த்து, சிக்னலைப் போட்டு, தலையைத் திருப்பி வலத்தோளின் மேலால் ஒருமுறை நேரே பார்த்து, அதன் பின்னரே மெல்ல மெல்ல வீதியின் நடுக்கோட்டை அணுகவேண்டும். அங்கே நின்றபடி, எதிரே வரும் வாகனம் உண்மையிலே எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று மதிக்கவேண்டும். காத்திருக்கும்போது முன்சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாகாது; பின்னாலிருந்து ஏதேனும் தட்டினால் வண்டி எதிர்ப்புறத்துக்குள்ளேயே தள்ளப்பட்டுவிடும். ஹர்ட்டின் ஆய்வில், வேறு வாகனத்தோடு மோதிய விபத்துக்களில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனக்காரர் மோட்டார் சைக்கிளுக்குரிய வழியுரிமையை மீறியதனாலே நேர்ந்தவை; மோட்டார் சைக்கிளை அவர்கள் கவனிக்காமையே அதற்குப் பெருங்காரணம். ஆதலால், சாரதி நம்மைக் கண்டிருப்பான் என்ற நம்பிக்கையின்மேல் எந்தத் திருப்பத்தையும் செய்யக்கூடாது.

இத்திருப்பத்தில் கூட்டம் ஒருபோதும் ஒன்றாகத் திரும்பலாகாது. முன்னே போனவர் திரும்பிவிட்டாரே என்று, எதிர்ப்புறத்தைப் பாராமல் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே பின்தொடரும் பழக்கம் கூட்டுப் பயணத்தின் மிகப் பெரிய ஆபத்து. முன்னோடி முதலில் திரும்பி, பக்க வீதியில் ஐம்பது மீட்டர் உள்ளே சென்று இறங்கி நிற்கட்டும். பயிலுனர் ஒருவர்பின் ஒருவராக, தம் கண்ணையே நம்பி, தம் முடிவின்படி திரும்பட்டும். ஐந்து நிமிஷம் போனாலும் போகட்டும். முன்னோடியும் துணைவர்களும் "வாங்க, வாங்க" என்று கைகாட்டி அழைக்கவே கூடாது. அந்த அழைப்பு பயிலுனரின் தீர்மானத்தைப் பறித்துவிடுகிறது. திரும்பி வரும்போது இதே சந்தியில் இடப்புறம் திரும்புவது எளிதாகையால், கஷ்டமான பாடம் மனம் தெளிவாக இருக்கும் காலையிலேயே முடிந்துவிடுவது இவ்வழியின் சிறப்பு.

மண்முனைத் துறையில் முற்காலத்தில் மக்கள் வாவியைக் கடந்தது 'பாதை' எனப்படும் மிதவைப் படகிலேதான். ஜப்பானின் உதவியோடு கட்டப்பட்ட 210 மீட்டர் நீளமான பாலம் 2014-இல் திறக்கப்பட்டபின், எழுவான்கரையும் படுவான்கரையும் சில விநாடி தூரத்தில் வந்துவிட்டன. அந்தச் சில விநாடிகளில் பயிலுனர் கற்கவேண்டியது காற்று. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில், வாவியின் வெளியைத் தாண்டி வரும் காற்று மேற்கே செல்பவரின் இடத்தோளில் வந்து மோதும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க வண்டி அதிகமாக ஆடும். முழங்கையைத் தளர்த்தி, முழங்காலால் டாங்கியை அணைத்து, பார்வையைப் பாலத்தின் மறுமுனையில் வைத்தால் வண்டி தானே நேராகிவிடும். பயிலுனர் பயப்படுகிறார் என்பதை முன்னோடி அவர் முகத்தில் தேடவேண்டியதில்லை. விறைத்த முழங்கையும், கீழே முன்சக்கரத்தை நோக்கிக் குனிந்த பார்வையும் கண்ணாடியிலேயே தெரியும். பாலத்தில் எவரையும் முந்தலாகாது. வாவியின் அழகைப் பார்க்க விரும்புவோர் பாலம் கடந்து இறங்கி நின்று பார்க்கலாம்.

படுவான்கரையில் வாகனம் குறைவு, கால்நடை அதிகம். இரவெல்லாம் தார் வீதியின் சூட்டில் படுத்திருந்த கட்டாக்காலி மாடுகள் விடியற்காலையில் எழுந்துபோக மனமின்றிக் கிடக்கும். நின்றுகொண்டிருக்கும் மாட்டின் தலைப்பக்கத்தால் போகாமல், வேகத்தை நடைவேகமாகக் குறைத்து வாற்பக்கத்தால் போகவேண்டும். மாடு பின்னோக்கி நடப்பதில்லை. தாய்மாடு கடந்துவிட்டால் வழி கிடைத்துவிட்டது என்று எண்ணக்கூடாது; கன்று பின்னால் வரும். ஹோன் அடித்தால் எப்பக்கம் ஓடும் என்று எவராலும் சொல்லமுடியாது, ஆதலால் அடிக்கவேண்டாம். மாட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் மாட்டிலேயே போய் முட்டுவார் என்பது அனுபவசாலிகள் அனைவரும் அறிந்த உண்மை. கண் பார்க்கும் திசையிலேயே வண்டி போகும், ஆகையால் போகவேண்டிய இடைவெளியையே பார்க்கவேண்டும். அறுவடைக் காலமாயின் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப் போட்டிருப்பார்கள். நெல்மணியின்மேல் சக்கரம் ஏறினால் பிரேக் பிடிக்கவும் கூடாது, ஹாண்டிலைத் திருப்பவும் கூடாது. விவசாயியின் நெல்லை நசுக்காமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, எதிரே வாகனமில்லை என்று கண்டு மறுபாதியால் போவதே முறை.

கொக்கட்டிச்சோலையில் தேநீர்க் கடையொன்றில் அரை மணி நேரமாவது தங்கவேண்டும். இளைப்பாறுவது ஒரு காரணம். காலை ஏழு மணிக்குக் கிழக்கு நோக்கித் திரும்பினால் சூரியன் நேரே கண்ணில் அடித்து எதிரே வருவது தெரியாமற் போகும் என்பது மற்றொரு காரணம். எட்டு மணிக்குப் பின் புறப்பட்டால் வெயில் உயர்ந்துவிடும். தேநீர் வேளையில் கடைக்காவலர் தாம் கண்டதைச் சொல்லவேண்டும். ஒவ்வொருவரிடமும் ஒரேயொரு திருத்தம், அதற்குமேல் வேண்டாம். பலர் முன்னிலையில் ஒருவரின் பிழைகளை அடுக்குவதால் அவர் பயந்துவிடுவாரேயன்றித் திருந்தமாட்டார். திருத்தத்தைச் சொல்லுமுன், "தம்பி, அந்தச் சந்தியில ஏன் ரெண்டாந்தரமும் நிண்டீங்க?" என்று கேட்டு, அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கவேண்டும். பெரும்பாலும் அவர் நின்றதற்குத் தக்க காரணம் இருக்கும்.

அசம்பாவிதம் நேர்ந்தால் செய்யவேண்டியதைத் துணைவர் மூவரும் முன்பே பங்கிட்டுக்கொள்ளவேண்டும். நடுத்துணைவர் மற்றப் பயிலுனரை வீதியோரம் சேர்ப்பார். கடைக்காவலர் பின்னால் வரும் வாகனங்களை நிறுத்துவார். முன்னோடி விழுந்தவரிடம் செல்வார். மூச்சுத் தடைப்பட்டாலன்றித் தலைக்கவசத்தைக் கழற்றவோ, கழுத்தை அசைக்கவோ, தண்ணீர் பருக்கவோ கூடாது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் சேவை வரும். அழைப்பவர் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டுமாகையால், வழியிலுள்ள சந்திகளின் பெயர்களை முன்னோடி எல்லோருக்கும் சொல்லிவைக்கட்டும். எழுவான்கரையில் காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைகளும், பெருங்காயமாயின் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையும் உள்ளன.

ஒரே வழியில் மூன்று முறையேனும் சென்ற பிறகே வேறு வழிக்கு மாறலாம். இரண்டாம் பயணத்தில் வரிசையை மாற்றாமல், மூன்றாம் பயணத்தில் பயிலுனரில் ஒருவரை முன்னே விட்டு, முன்னோடி அவர் பின்னால் வரட்டும். வேகத்தையும் திருப்பத்தையும் அவரே தீர்மானிக்கட்டும்; முன்னோடி ஒன்றும் சொல்லாதிருக்கட்டும். கண்ணாடியைத் தாமாகப் பார்க்கிறாரா, பின்னால் தயங்கி வருபவருக்காக வேகத்தைக் குறைக்கிறாரா, வலத் திருப்பத்தில் பொறுமையாகக் காத்திருக்கிறாரா என்ற மூன்றையும் கவனித்தால் போதும். மூன்றும் உண்டெனில், பரீட்சையில் சித்தியெய்தி அனுமதிப்பத்திரம் கைக்கு வந்ததும் அவரைத் தனியே விடலாம். ஆறு மாதம் அவ்வாறு ஓட்டிய பின்னர், புதிய பயிலுனர் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரை நடுத்துணைவராக வரும்படி அழைக்கவேண்டும்.